பெயர் கழன்ற தட்டுகள்

வூப்பர் ஆறு நிலவறைக்குள் வந்த இரவு
நாங்கள் மூன்றாம் மாடியில் நித்திரை.
காலையில் இறங்கிப் போனால்
கடைசி ஐந்து படிகளைக் காணவில்லை.

பலகைச் சட்டம் அடித்துப் பிரித்த அடைப்புகள்,
வீட்டுக்கொன்று, வீட்டுக்கொரு பூட்டு.
பூட்டெல்லாம் பூட்டியபடியே இருந்தன.
தண்ணீர் ஒருவரிடமும் திறப்புக் கேட்கவில்லை.

இருபத்தெட்டு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டு.
ஃபோவிங்கல் சந்தையில், தொங்கும் ரயிலுக்குக் கீழே,
விடியமுன் போய் நின்று
மார்க்கில் தொடங்கி யூரோவில் முடிந்த பேரம்.
ஒன்று, இரண்டு, மிஞ்சினால் ஐந்து.
ஒரேயொரு முறை நாற்பது;
அதை வீட்டில் நான்கு என்று சொல்லியிருக்கிறேன்.

பம்பு இழுத்து முடிக்க மாலையாகிவிட்டது.
உறைகள் கஞ்சியாகிக் கிடந்தன.
ஒரு பாடகியின் முகம்
இன்னொருத்தரின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.
தட்டுகளுக்கு ஒன்றுமில்லை.
பச்சைத் தண்ணீர், ஒரு துளி சவர்க்காரம்.
கோப்பை காயவைக்கும் கம்பித்தட்டில்
பதினாறு பதினாறாக நிறுத்தினேன்.
நடுவட்டத்துக் கடதாசி மட்டும்
சேற்றைக் குடித்துவிட்டுப் பெயரைத் துப்பியிருந்தது.

"எறியுங்கோ," என்றாள் வசந்தரூபி,
நாலாம் நாளும் கடதாசித் தட்டில் சோறு போட்டபடி.
"எல்லாம் போனுக்குள்ள கிடக்குது.
அதுக்குள்ள தண்ணியும் வராது."

மெய்தான். கோபப்பட ஒன்றுமில்லை.
ஆனால் போன மார்கழியில் அங்கே
"உங்கள் நூலகம்" என்று எழுதியிருந்த இடத்தில்
எட்டுப் பாட்டு சாம்பல் நிறமாகிப் போயின.
தொட்டால் சத்தமில்லை.
யார் வந்தார், எந்தப் பக்கத்தால் போனார்?
சேற்றில் ஒரு காலடிகூடக் கிடைக்கவில்லை.

இருந்தும் அதே போனைத்தான் உதவிக்குக் கூப்பிட்டேன்.
ஊசியை வைத்து, ஒலிபெருக்கிக்குக் கிட்டப் பிடித்தால்
காது கொடுக்கும், கொஞ்சம் யோசிக்கும்,
பெயர் சொல்லும், ஆண்டு சொல்லும்,
உறையின் படமும் காட்டும்:
கஞ்சியாய்ப் போன அதே உறை,
கசங்காமல், நகத்தளவில்.
அதற்குத் தெரியாததை என் காது சொல்லிற்று.
வெள்ளை உறை வாங்கிப் பென்சிலால் எழுதினேன்,
வேலைக்குப் போகமுன் முப்பது, வந்தபின் இருபது.

எழுதி முடித்து எண்ணினால்
நானூற்றுப் பதினேழு.

மறுபடி எண்ணினேன்.

மூன்று டொம்ப்ரோவ்ஸ்கியுடையவை, எல்லாம் வால்ட்ஸ்.
கிறிஸ்துமஸ் மணிகள் முதலாம் மாடி ஹாஸ்ஸல்காம்ப் அம்மையாருடையது.
"அது விட்டுப்போன மனிசனுடையது," என்றார்,
"அவனிடமே கொண்டுபோய்க் கொடு,"
ஹாகனில் ஒரு முகவரியும் தந்தார்.

ஐந்தாவதற்குப் போன் மூன்று தரம் யோசித்து
மூன்று தரமும் கைவிரித்தது.
இருபது ஆண்குரல், ஒரு அக்கார்டியன்.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டின் நடுவே
ஒருவர் இருமுகிறார். நாற்காலி கிறீச்சிடுகிறது.
வாங்கிய ஞாபகம் இல்லை.
வாங்கவில்லை என்று சத்தியம் பண்ணவும் முடியாது.

படிக்கட்டுச் சுவரில் தாள் ஒட்டினேன்:
கறுப்பு. பன்னிரண்டு அங்குலம்.
ஆண்கள் பாடுகிறார்கள். ஒரு இருமல். யாருடையது?
டொம்ப்ரோவ்ஸ்கி வாசித்துவிட்டுச் சிரித்தார்.
"இருமலை யார் ஐயா உரிமை கோருவான்?"

ஞாயிறுகளில் போடுகிறேன்,
ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் அல்ல,
அது இந்த வீட்டின் அமைதி நேரம்.
வசந்தரூபி அந்த இருமல் வரும்போது
தன்னையறியாமல் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.

நேற்று இரவுவேலை முடிந்து ஏறிவருகையில்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
படிவிளக்கு தன் நேரம் முடிந்து அணைந்தது.
கீழே யாரோ சைக்கிளைப் பூட்டியபடி
சீட்டியடித்தார்கள்.
அந்த மூன்றாம் பாட்டு.
இருமல் வருமிடத்தில் ஒரு கணம் நிறுத்தி,
பிறகு தொடர்ந்து.

அவருடைய தட்டா,
என் சுவர் வழியாகப் போய்ச் சேர்ந்த பாட்டா?
சுவிட்சில் கை வைத்தேன்,
அழுத்தவில்லை.
தாள் இன்னும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது.